தொழிலை வணங்கிய மரபு தொழிலாளியை எங்கே வைத்தது?

கேள்வி சுருக்கமாக இது: ஆயுத பூஜையன்று சுத்தியலுக்கும் தறிக்கும் சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிடுகிற இந்து மரபை உழைப்பை மதிக்கிற மரபு என்று சொல்லலாமா, அல்லது குலத்தொழில் என்ற பெயரில் மனிதரைப் பிறந்த இடத்திலேயே கட்டிப்போட்ட மரபு என்பதுதான் உண்மையா?

இதற்குப் பதில் சொல்ல வழக்கமாக இரண்டு கட்சிகள் வரும். ஒரு கட்சி கீதையையும் விசுவகர்மாவையும் எடுத்துக் காட்டும். மறு கட்சி மனுவை எடுத்துக் காட்டும். இருவரும் காட்டுகிற வரிகள் அந்தந்த நூல்களில் இருக்கவே செய்கின்றன. வேலைக்கு என்ன மதிப்பு, அதைச் செய்கிறவருக்கு என்ன மதிப்பு, அந்த வேலையை விட்டு வேறொன்றுக்குப் போக அவருக்கு உரிமை உண்டா என்ற மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் வாதம் முடிவதே இல்லை. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் ஓரளவு தெளிகிறது.

முதலில் வேலை. ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலத்தில் (9.112) சற்றுக் குறும்பான ஒரு சூக்தம் இருக்கிறது. தச்சன் எங்கே ஏதாவது உடையும் என்று பார்த்திருக்கிறான், வைத்தியன் யாருக்காவது அடிபடுமா என்று பார்த்திருக்கிறான், புரோகிதன் வேள்வி செய்ய ஆள் தேடுகிறான் என்று தொடங்கும் அந்தக் கவி, தன் குடும்பத்தையும் விட்டுவைப்பதில்லை. நான் பாடுகிறவன், அப்பா வைத்தியர், அம்மா கல்லில் மாவு அரைக்கிறவள், எல்லோரும் பிழைப்பைத் தேடித்தான் ஓடுகிறோம் என்கிறார். ஒரே வீட்டில் மூன்று தொழில்; அதைச் சொல்வதில் கூச்சமும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. அதே வேதத்தில் ரிபுக்கள் என்ற மூன்று சகோதரர்கள் வருகிறார்கள். கைவேலையின் திறமை ஒன்றாலேயே மனிதராக இருந்து தேவரானவர்கள். தேவர்களின் கைவினைஞனான துவஷ்டா செய்த ஒரு கிண்ணத்தை நான்காக்கிக் காட்டியது அவர்களுடைய புகழ்பெற்ற வேலை. ஆனால் பின்னால் வந்த ஐதரேய பிராமணம் என்ற வேள்வி விளக்க நூல் இவர்களைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறது: மனித வாடை அடிக்கிறது என்று மற்றத் தேவர்கள் இவர்களிடமிருந்து விலகினார்களாம். தேவலோகத்துக்குப் போன தொழிலாளியையும் அந்த முகச்சுளிப்பு விடவில்லை.

சிவன் கோயில்களில் ஓதப்படும் ஸ்ரீருத்ரம் என்ற வேத மந்திரத்தின் நான்காம் பகுதியைக் (அனுவாகம்) கவனித்துக் கேட்டுப் பாருங்கள். தச்சருக்கு வணக்கம், தேர் செய்வோருக்கு வணக்கம், குயவருக்கு வணக்கம், கொல்லருக்கு வணக்கம், பறவை பிடிப்போருக்கும், நிஷாதர் என்ற காட்டுக்குடியினருக்கும், அம்பு செய்வோருக்கும், வேட்டையாடுவோருக்கும், நாய்களைப் பிடித்துச் செல்வோருக்கும் வணக்கம் என்று அது போகும். இவர்கள் எல்லோரும் ருத்திரனின் வடிவங்கள் என்பது அதன் கருத்து. அந்த மந்திரம் ஒலித்த பல கோயில்களுக்குள், அதில் பெயர் சொல்லி வணங்கப்படும் சிலர் நூற்றாண்டுகளாக நுழைய முடியாமல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

உழவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலராமன் கையில் இருக்கும் ஆயுதமே கலப்பைதான். ஆனால் மனுவுக்கு உழவும் உறுத்தியது. இரும்பு முனை கொண்ட மரம் மண்ணையும் மண்ணுக்குள் கிடக்கும் உயிர்களையும் கொல்கிறது, ஆகவே அது நல்லோர் இகழும் பிழைப்பு என்று 10.84 சொல்கிறது. ‘உழந்தும் உழவே தலை’ என்று வள்ளுவர் அடித்துச் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறளை எந்த மதத்தில் சேர்ப்பது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரே நாட்டில் இரண்டு குரல்களும் ஒலித்தன என்பது போதும்.

அடுத்தது வேலை செய்கிறவர். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். மனுஸ்மிருதி 5.129, கைத்தொழிலாளியின் கை எப்போதும் தூய்மையானது என்கிறது. இந்த வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புவோர் உண்டு. அதே நூலின் நான்காம் அத்தியாயத்தைத் திறந்தால், தச்சன், கொல்லன், பொற்கொல்லன், தோல் வேலை செய்பவன், துணி வெளுப்பவன் ஆகியோர் வீட்டு உணவை உண்ணக் கூடாது என்ற நீண்ட பட்டியல் கிடைக்கிறது. கைத்தொழிலாளியின் சோறு சந்ததியை அழிக்கும் என்றுகூட 4.219 மிரட்டுகிறது. கை தூய்மை, அந்தக் கை சமைத்த சோறு மட்டும் தீட்டு.

இதை வெறும் முரண்பாடு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. குயவர் செய்த பானையும் நெசவாளர் நெய்த வேட்டியும் மேல் சாதி வீட்டுக்குள் வந்தாக வேண்டும். அவை இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பும் எரியாது, சடங்கும் நடக்காது. பொருள் தடையில்லாமல் உள்ளே வர வேண்டும், செய்தவர் மட்டும் வெளியே நிற்க வேண்டும் என்றால் இப்படித்தான் சட்டம் எழுத முடியும்.

கோடு மூளை வேலைக்கும் கை வேலைக்கும் நடுவில் போடப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியாக வரவில்லை. சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்கள் என்று மனு 3.152 சொல்வோரில் வைத்தியர் இருக்கிறார், கோயிலில் பூசை செய்து பிழைக்கும் அர்ச்சகரும் இருக்கிறார். இறைச்சி விற்பவரோடு ஒரே வரியில் அவர்களை வைத்திருக்கிறார் மனு. உடல் அழுக்கைத் தொடுவது ஒரு குற்றம், புனிதமானதைக் காசுக்குச் செய்வது இன்னொரு குற்றம். கூலி வாங்குகிறவர் எல்லோர் மீதும் அந்த நூலுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையைச் சேக்கிழார் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். நாம் நந்தனார் என்று அறிந்த அவர் சிவன் கோயில்களுக்கு என்னென்ன கொடுத்தார் என்று கணக்குச் சொல்கிறார் கவி: பேரிகை முதலிய முழவுகளுக்குப் போர்த்தும் தோல், அதை இழுத்துக் கட்டும் வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. கருவறைக்கு எதிரே அதிரும் தோல் அவர் பதப்படுத்தியது. நரம்பு அவர் கை முறுக்கியது. தோல் உள்ளே போய்விட்டது. அவர் மட்டும் வாசலுக்கு வெளியே. தில்லைக்குள் போக அவருக்குக் கதை தருகிற ஒரே வழி நெருப்பு.

சிற்பி நிலையில் இதே கோடு இன்னும் நுணுக்கமாக ஓடுகிறது. சுவாமிமலைப் பட்டறைகளில் ஒரு செப்புத் திருமேனி உருவாவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கனம் தெரியும். தென்னை ஓலை நறுக்கை மூர்த்தியின் உயரத்துக்கு வெட்டி, தாலம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து, முகம் இத்தனை, கழுத்து இத்தனை, மார்பு இத்தனை என்று குறித்துக்கொள்வார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவத்தைச் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவைத்து, மறுபடி கனமாகப் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு அச்சை உடைத்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு மூர்த்திதான். ஊற்றும்போது காற்று சிக்கிக்கொண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உளியும் அரமும் எடுத்து நகாசு வேலை. கடைசியாகக் கண் திறப்பு. அதையும் சிற்பியே செய்கிறார், பொன் ஊசி கொண்டு.

அந்தக் கணம் வரை மூர்த்தி முழுக்க அவர் கைக்குள் இருக்கிறது. பிறகு ஆகமம் என்ன சொல்கிறது? சிற்பிக்கு உரிய மரியாதை செய்து அனுப்பிவைக்க வேண்டும். பிம்பத்துக்குச் சுத்தி செய்ய வேண்டும். சிற்பியின் கை பட்ட குறையும் அந்தச் சுத்தியில் கழுவப்படுகிறது. பிரதிஷ்டைக்குப் பிறகு, தான் செதுக்கிய முகத்தை மற்றப் பக்தர்கள் நிற்கும் இடத்தில் நின்றுதான் அவரும் பார்க்க வேண்டும். அவமதிப்பு நோக்கம் இதில் இல்லை, தெய்வமான பின் எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று ஸ்தபதிகளிலேயே சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. அர்ச்சகர் உள்ளே போகிறார்.

கல்வெட்டுகளும் இரு பக்கமும் பேசுகின்றன. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லனுக்கு ‘இராசராசப் பெருந்தச்சன்’ என்று மன்னன் பெயரே பட்டமாக இருக்கிறது. நாவிதருக்கும் ‘இராசராசப் பெருநாவிதன்’ என்ற பட்டம் உண்டு. மாமன்னன் தன் பெயரை முடிவெட்டுகிறவரோடு பகிர்ந்துகொண்டான் என்பது சாதாரணச் செய்தி இல்லை. ஆனால் கொங்கு நாட்டில் கிடைத்த இன்னொரு இடைக்காலக் கல்வெட்டைப் படித்தால் வேறொன்று தெரியும். வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு, அதாவது தச்சர், கொல்லர், சிற்பி முதலிய கைவினைஞருக்கு, மன்னன் புதிதாகச் சலுகை தருகிறான்: நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஊராருக்கு மாளிகை கட்டிய சமூகம் தன் வீட்டுக்குச் சுதை பூச அரசாணை கேட்க வேண்டியிருந்தது. கம்மாளர் தங்களை விசுவகர்மாவின் ஐந்து மக்களான மனு, மயன், துவஷ்டா, சில்பி, விசுவஞ்ஞன் ஆகியோரின் வழி என்று சொல்லிப் பூணூல் அணிந்து, தங்கள் சடங்குகளைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமைக்காக நெடுங்காலம் போராடியதன் பின்னணி இதுதான்.

பக்தி இயக்கம் இந்தக் கோட்டை அழிக்கப் பார்த்தது. திருநீலகண்டர் குயவர், நேச நாயனார் நெசவாளர், கலிய நாயனார் எண்ணெய் ஆட்டியவர், அதிபத்தர் நாகைக் கடலில் மீன் பிடித்தவர். காஞ்சியில் அடியார் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், குறித்த நேரத்துக்குத் துணி காயவில்லை என்பதற்காகத் துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போனார். சொன்ன நேரத்தில் வேலையை முடித்துக் கொடுக்க முடியாத அவமானம் அது. அந்தக் கல்லிலிருந்தே சிவன் கை நீண்டது என்கிறது புராணம். மராட்டியத்துத் தோட்டக்காரர் சாவதா மாளி வெங்காயமும் முள்ளங்கியும் கீரையுமே என் விட்டாபாய் (பண்டரிபுரத்து விட்டலன்) என்று பாடினார். பண்டரிபுரத்துக்கு நேரமில்லை, பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டும் என்ற தொனி அந்தப் பாட்டில் கேட்கும்.

இவர்கள் எல்லோரையும்விடத் துணிந்து பேசியவர்கள் 12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டுக் கல்யாண நகரில் பசவண்ணரைச் சுற்றியிருந்த சரணர்கள் என்ற சிவனடியார்கள். உடலுழைப்பைக் ‘காயகம்’ என்றார்கள். சிந்திய அரிசியைப் பொறுக்கிச் சேர்த்து அடியாருக்குச் சோறிட்ட ஆய்தக்கி மாரய்யா, காயகத்தில் முனைந்திருக்கும்போது குரு தரிசனத்தையும் மறக்கலாம், லிங்க பூசையையும் மறக்கலாம், ஏனென்றால் காயகமே கைலாசம் என்றார். அவர் மனைவி லக்கம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். ஒருநாள் கணவர் வழக்கத்தைவிட அதிக அரிசி கொண்டுவந்தபோது, ஆசை அரசர்களுக்கு இருக்கலாம், சிவனடியாருக்கு எதற்கு, கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். உழைப்பு வழிபாடு ஆகலாம், ஆனால் சேர்த்துவைக்கும் வெறி ஆகக் கூடாது என்ற இந்த இடம் வேறு எந்த நூலையும்விட எனக்குப் பிடித்தது. அந்த இயக்கத்தின் முடிவும் தெரிந்ததுதான். செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் மணம் முடித்ததற்காக இரு தந்தையரையும் மன்னன் பிஜ்ஜளன் கொல்லவைத்தான், கல்யாண நகரம் கலவரமானது என்று லிங்காயத்து மரபு சொல்கிறது. வேலை கைலாசம் என்று பாடும்வரை பொறுத்தவர்கள், சம்பந்தம் பேசியதும் பொறுக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒருவர் தன் தொழிலை விட்டுப் போகலாமா? கீதை 18.46 தன் செயலாலேயே இறைவனை அர்ச்சித்து மனிதன் சித்தி அடைகிறான் என்கிறது. எந்த வேலையையும் பூசையாக்கும் வரி இது. இதைப் படித்து ஆறுதல் அடையாத உழைப்பாளி இல்லை. இரண்டே சுலோகம் தள்ளி, உடன்பிறந்த தொழில் குறையுடையதானாலும் விடாதே, நெருப்பைப் புகை சூழ்வதுபோல் எல்லாத் தொழிலையும் குறை சூழ்ந்திருக்கிறது என்கிறது 18.48. குணமும் செயலும் பார்த்துத்தான் வருணம் பிரிந்தது என்று 4.13ஐக் காட்டி இதற்குச் சமாதானம் சொல்லலாம், சொல்லியும் வருகிறார்கள். ஆனால் ‘உடன்பிறந்த’ என்று அங்கே இருப்பதை என்ன செய்வது?

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் தர்மவியாதர் கதையில் இதே சிக்கல். கொக்கைப் பார்வையால் எரித்த கௌசிகர் என்ற அந்தணரை ஓர் இல்லத்தரசி மிதிலையில் இறைச்சி விற்கும் ஒருவரிடம் தர்மம் கற்க அனுப்புகிறாள். நம் ஊரில் ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்று வாசுகி கேட்டதாக வழங்குவது இந்தக் கதையின் தமிழ்ச் சாயல்தான். அந்தணர் இறைச்சிக் கடை வாசலில் மாணவராக நிற்கும் காட்சி அபாரமானது. ஆனால் அந்த வியாதர், இது என் தந்தையும் பாட்டனும் செய்த தொழில், விட முடியாது என்கிறார். அவருக்கு இவ்வளவு ஞானம் எப்படி வந்தது என்பதற்குக் கதை கொடுக்கும் விளக்கம், முற்பிறவியில் அவர் சாபம் பெற்ற அந்தணர் என்பது. கடைசி நிமிடத்தில் கதாசிரியருக்கே துணிச்சல் போய்விட்டது.

மனு இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. ஆபத்துக் காலத்தில் மேலிருப்பவர் கீழுள்ளவர் தொழிலைச் செய்து பிழைக்கலாம். கீழே பிறந்தவர் ஆசைப்பட்டு மேலுள்ளவர் தொழிலால் வாழ்ந்தால், அரசன் அவர் சொத்தைப் பறித்து நாடு கடத்த வேண்டும் (10.96). கீழே இறங்கப் படி உண்டு, மேலே ஏறப் படி கிடையாது. ஏகலைவனின் கட்டைவிரல் இந்த விதிக்கு எழுதப்பட்ட உரை.

நடைமுறை எப்போதும் ஏட்டின்படி நடக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு, அதாவது இன்றைய மந்தசௌருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவின் கல்வெட்டு ஒன்று உண்டு. அவர்கள் 5ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு சூரியன் கோயில் கட்டினார்கள், பிறகு அதைப் பழுதும் பார்த்தார்கள். வந்தவர்களில் சிலர் வில்வித்தைக்குப் போனார்கள், சிலர் கதை சொல்வதில் தேர்ந்தார்கள், சிலர் சோதிடம் கற்றார்கள், சிலர் நெசவிலேயே நின்றார்கள் என்று அது சாவதானமாகச் சொல்கிறது. நாடு கடத்தலும் இல்லை, தண்டனையும் இல்லை. இளமையும் அழகும் இருந்தாலும் பட்டு உடுத்தாமல் எந்தப் பெண்ணும் காதலனைப் பார்க்கப் போவதில்லை என்று நடுவில் ஒரு வரி வேறு. கோயில் கல்வெட்டிலேயே வியாபார விளம்பரம் செய்த கெட்டிக்காரர்கள்!

அப்பனிடம் மகன் கற்றதால்தான் கலை பிழைத்தது என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. தாலக் கணக்கும் மண் பதமும் புத்தகத்தில் படித்து வருபவை அல்ல. பத்து வயதில் மெழுகு உருட்டத் தொடங்கிய கைக்கு ஒரு முன்னோட்டம் கிடைக்கத்தான் செய்யும். இந்த நியாயத்தை எல்லாத் தொழிலுக்கும் நீட்டும்போதுதான் அது கூசாமல் பொய்யாகிறது. மலம் அள்ளும் தொழிலுக்கு எந்தக் கலையைக் காப்பாற்றினோம்? அதைத் தடை செய்ய 1993இலும் மறுபடி 2013இலும் சட்டம் போட வேண்டி வந்தது. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னதற்கு இன்றுவரை நேரான மறுப்பு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் இந்த விவகாரம் ஏட்டுச் சண்டையாக நின்றதில்லை. 1953இல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். 2023இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விசுவகர்மா திட்டம் கொண்டுவந்தபோது அதே தழும்பு மறுபடி வலித்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்னது தமிழ்நாடு. 18 வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகாமல் பட்டறைக்குத் திரும்பிவிடக் கூடாது என்று குறைந்தபட்ச வயதையும் 35 ஆக்கக் கேட்டது. அது நடக்காததால் சாதியோடும் குடும்பத்தோடும் முடிச்சுப் போடாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கியது. கைவினைஞருக்குக் கடனும் கருவியும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ‘உன் அப்பன் என்ன செய்தான்’ என்ற கேள்வி விண்ணப்பத்தில் எதற்கு என்பதுதான் சண்டை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வேலையை இவ்வளவு உயரத்தில் வைத்த மரபுகள் உலகில் குறைவு, வேலையை மாற்றிக்கொள்ள விடாமல் இவ்வளவு பிடிவாதம் பிடித்தவையும் குறைவு. இரண்டையும் பிரிக்க முடியாது என்று அந்த இரண்டு கட்சிகளுமே நம்புகின்றன. பிரிக்க முடியும் என்பதற்கு மாமல்லபுரத்தில் 1957 முதல் நடக்கும் அரசு சிற்பக் கல்லூரியே போதுமான சாட்சி. அதே தாலக் கணக்கு, அதே உளி, அதே சிற்ப சாத்திரம் அங்கே பாடமாக நடக்கின்றன. சேர்வதற்கு ஆசாரி வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஸ்தபதி பரம்பரையில் வந்தவர்களே அங்கே ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்து, வெளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.